நாற்பதை நெருங்கும் வயதில் பி.எட்.: ஆசிரியராக விரும்புவோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

டிகிரி முடித்துப் பத்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இடையில் வேறு வேலை பார்த்தாயிற்று, அல்லது வீட்டில் இருந்து குழந்தைகளை வளர்த்தாயிற்று. இப்போது ஆசிரியர் வேலைக்குப் போக வேண்டும் என்று மனம் கேட்கிறது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நானும் அந்த வயதில் பி.எட். சேர்ந்து முடித்தவள்தான். பாடங்கள் என்னைச் சிரமப்படுத்தவில்லை. சேருவதற்கு முன்னால் எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, எந்தக் கல்லூரியை நம்புவது, எனக்குத் தகுதி இருக்கிறதா இல்லையா என்று ஆளுக்கொரு பதில் கேட்டு அலைந்ததுதான் பெரும்பாடு. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இங்கே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும் என்பதால், நீங்கள் சேரும் ஆண்டின் தகவல் கையேட்டைத் தரவிறக்கி ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். தெரிந்தவர் சொன்னதற்கும் கையேட்டில் இருப்பதற்கும் முரண் வந்தால் கையேடுதான் செல்லும்.

1. எந்த வகுப்புக்கு ஆசிரியர் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் "முதலில் பி.எட். முடிப்போம், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்று தொடங்குகிறார்கள். இரண்டு வருடமும் கணிசமான பணமும் போடப் போகிறீர்கள். ஆகவே வேலையில் தொடங்கி, படிப்பை நோக்கிப் பின்னால் வாருங்கள்.

1 முதல் 5ஆம் வகுப்பு வரை கற்பிக்க வேண்டும் என்றால் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்பு வேண்டும். அதோடு ஆசிரியர் தகுதித் தேர்வில், அதாவது டெட்டில், முதல் தாள் தேற வேண்டும். இதற்கு பி.எட். செல்லாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சின்னக் குழந்தைகளோடு இருக்க ஆசைப்பட்டு பி.எட். சேர்ந்தவர்களை என் வகுப்பிலேயே பார்த்தேன், மனது கஷ்டமாக இருந்தது. பட்டயப் படிப்புச் சேர்க்கையில் உச்ச வயது வரம்பு உண்டு என்பதால், அந்த வழியில் போக நினைப்பவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

6 முதல் 10 வரை என்றால் பட்டதாரி ஆசிரியர். இளநிலைப் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள் மூன்றும் தேவை. 11, 12 என்றால் முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர். அதற்கு உங்கள் பாடத்தில் முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் தேவையில்லை. ஏற்கெனவே எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. கையில் இருந்தால் இந்த வழியையும் சேர்த்தே யோசியுங்கள்.

2. உங்கள் பட்டம் பொருந்துகிறதா என்று பாருங்கள்

பி.எட். சேர ஏதாவது ஒரு டிகிரி போதும் என்று நினைக்காதீர்கள். பள்ளியில் இருக்கும் பாடமாக அது இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல், கணினி அறிவியல் படித்தவர்களுக்குப் பெரிய சிக்கல் இல்லை. வணிகவியல், பொருளியல், மனையியல் படித்தவர்கள் இளநிலையோடு நின்றிருந்தால் சேர முடியாது, முதுநிலை வேண்டும். பி.காம். முடித்த பெண்கள் பலர் இது தெரியாமல் விண்ணப்பம் வரை வந்து திரும்பிப் போகிறார்கள்.

மதிப்பெண்ணில் தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் பொது விதி 50 சதவீதம். தமிழ்நாட்டுச் சேர்க்கையில் பொதுப்பிரிவுக்கு 50, பிற்படுத்தப்பட்டோருக்கு 45, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 43, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். பொறியியல் படித்தவர்களுக்கு கவுன்சில் விதி 55 சதவீதம் கேட்கிறது. பொறியியல் பட்டத்தோடு பி.எட். சேர இடம் கிடைத்தாலும், பிறகு அரசுப் பணியில் எந்தப் பாடத்துக்கு அந்தப் பட்டம் ஏற்கப்படும் என்பதையும் முன்னரே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு கண்ணி: பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பிறகு மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ எழுதாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக டிகிரி வாங்கியவர்களுக்கு அரசு வேலையில் அது செல்லாது. இளநிலையில் ஒரு பாடம், முதுநிலையில் வேறு பாடம் என்று மாறியிருந்தாலும் முதுநிலை ஆசிரியர் பணிக்குச் சிக்கல் வரும். உங்கள் பட்டத்தின் பெயர் வழக்கமான பெயராக இல்லாமல் 'பயன்பாட்டு' அது இது என்று இருந்தால், அது எந்தப் பாடத்துக்கு இணையானது என்று அரசாணை வந்திருக்கிறதா பாருங்கள். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம்தான் இந்த இணைத்தன்மையை முடிவு செய்து பரிந்துரைக்கிறது. அரசாணையைக் கையில் நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரியில் சேரும்போது யாரும் கேட்க மாட்டார்கள். வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போதுதான் கேட்பார்கள், அப்போது தேடினால் நேரம் இருக்காது.

3. வயதுக் கணக்கைத் தெளிவாகப் போடுங்கள்

"இந்த வயசுல சேர்த்துக்குவாங்களா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. பி.எட். படிக்க தேசியக் கவுன்சிலின் விதிகளில் உச்ச வயது வரம்பு கிடையாது. வயது வரம்பு வேலையில்தான் இருக்கிறது.

ஆசிரியர் தேர்வு வாரியம் 2023 அக்டோபரில் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு வெளியிட்ட அறிவிப்பில் பொதுப்பிரிவுக்கு 53, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 58 என்று வரம்பு இருந்தது. நமக்கு ஆறுதலான எண்தான். ஆனால் 2020இல் இதே வரம்பு 40, 45 என்று இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அரசாணை மாறினால் வரம்பும் மாறும். அதனால் "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

அரசுப் பணியில் ஓய்வு வயது 60. நாற்பதில் சேர்ந்து, இரண்டு வருடம் படித்து, தேர்வு எழுதி நியமனம் வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆனாலும் பதினைந்து வருடப் பணி மிஞ்சும். ஐம்பதில் தொடங்குபவர் அரசு வேலையை மட்டும் நம்பாமல் தனியார் பள்ளியையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். கேந்திரிய வித்யாலயாவில் வரம்பு குறைவு: தொடக்க நிலைக்கு 30, பட்டதாரி ஆசிரியருக்கு 35, முதுநிலைக்கு 40. தளர்வுகள் சில பிரிவுகளுக்கு உண்டு, அறிவிப்பில் பாருங்கள்.

4. சான்றிதழ்களைச் சேருங்கள், இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும்

விண்ணப்பம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பே இதில் இறங்குங்கள். விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு இறங்கினால் முடியாது.

தேவையானவை: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல்கள், எல்லாப் பருவத் தேர்வு மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டமளிப்புச் சான்றிதழ், கடைசியாகப் படித்த கல்லூரியின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள். மாற்றுத்திறனாளி, முன்னாள் படைவீரர் குடும்பம் போன்ற சிறப்புப் பிரிவு இருந்தால் அதற்கான சான்று. வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தால் இடப்பெயர்வுச் சான்றும் தகுதிச் சான்றும் கேட்பார்கள். இவ்வளவு வருடம் படிப்பில் இடைவெளி ஏன் என்று சில கல்லூரிகள் எழுதிக் கேட்கும். வேறெங்கும் சேர்ந்து படிக்கவில்லை என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்தால் போதும்.

பட்டியல் எளிதாகத்தான் தெரியும். சிக்கல் எங்கெல்லாம் வரும் என்று சொல்கிறேன்.

பட்டமளிப்புச் சான்றிதழ். வேலைக்கோ கல்யாணத்துக்கோ அவசரமாகக் கிளம்பியதில் தற்காலிகச் சான்றோடு நின்றுவிட்டவர்கள் நிறைய. பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பித்தால் இப்போதும் வாங்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தில் எப்படியும் தேவைப்படும் என்பதால் இப்போதே போட்டுவிடுங்கள்.

மாற்றுச் சான்றிதழ். கல்லூரியிலேயே வாங்காமல் விட்டிருக்கலாம். நேரில் போனால் பழைய பதிவேட்டைப் பார்த்துக் கொடுப்பார்கள். சேர்ந்த வருடம், பிரிவு, பதிவு எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் சொன்னால் அலுவலக உதவியாளர் பதிவேடு பதிவேடாகப் புரட்ட வேண்டியிருக்கும், அன்றைக்கு முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

தொலைந்த சான்றிதழ். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தொலைந்த ஆவணத்துக்கான அறிக்கையை நீங்களே பதிவு செய்து வாங்கலாம். அதை வைத்துப் பள்ளிச் சான்றுக்குப் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும், டிகிரிச் சான்றுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவிலும் நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இனிஷியல். திருமணமான பெண்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பள்ளி, கல்லூரிச் சான்றில் அப்பா இனிஷியல் இருக்கும். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் கணவர் பெயர் ஏறியிருக்கும். விண்ணப்பத்தில் எதைப் போடுவது? பத்தாம் வகுப்புச் சான்றில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ, அப்படியே போடுங்கள். பி.எட். சான்றும் அதே பெயரில்தான் வரும், டெட் சான்றும் அதே பெயரில்தான் இருக்க வேண்டும். முடிந்தால் ஆதாரை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட்டு அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள். சந்திராவா சந்த்ராவா என்ற ஒரு புள்ளி வித்தியாசம்கூடச் சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் உங்களை வரிசையிலிருந்து ஒதுக்கி உட்கார வைத்துவிடும்.

சாதிச் சான்றிதழ். இது அப்பா பெயரில்தான் இருக்க வேண்டும். திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயரில் வாங்கிய சான்று ஏற்கப்படாது. இதைத் தெரியாமல் இ-சேவை மையத்தில் புதிதாக வாங்கியவர்கள் மறுபடியும் வாங்க வேண்டி வந்தது. விண்ணப்பிக்க 60 ரூபாய்தான். ஆனால் அப்பாவின் சாதிச் சான்றோ பள்ளிச் சான்றோ தேடி எடுப்பதற்குத்தான் பிறந்த வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கிளற வேண்டியிருக்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று இடத்தைத் தாண்டி வரும்.

தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பள்ளியிலிருந்து பட்டம் வரை அனைத்தும் தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். அந்தப் பட்டியலில் பி.எட்.டும் சேரும். ஆகவே இதுவரை முழுக்கத் தமிழ் வழியில் படித்தவர் பி.எட்.டில் மட்டும் ஆங்கில வழியைத் தேர்ந்தெடுத்தால் இந்த முன்னுரிமையை இழந்துவிடுவார். ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த ஒவ்வொரு பள்ளி, கல்லூரியிலிருந்தும் இந்தச் சான்றை வாங்க வேண்டும். பள்ளி மூடப்பட்டிருந்தால் பதிவேடு எங்கே போனது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கணவரை இழந்து, ஆதரவின்றி இருக்கும் பெண்கள் ஆதரவற்ற விதவைச் சான்றைக் கோட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். அரசு வேலையில் பெண்களுக்கான ஒதுக்கீட்டுக்குள் இதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. வாங்குவதற்கு விசாரணை எல்லாம் இருக்கும், நாளாகும். கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் மெயிலிலும் வையுங்கள். நகல்கள் ஐந்து செட் எடுத்து வைத்துக்கொண்டால் இரண்டு வருடம் முழுக்க உதவும்.

5. கல்லூரியைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பியுங்கள்

தமிழ்நாட்டில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழு. சைதாப்பேட்டை, பெண்களுக்கான திருவல்லிக்கேணி லேடி வெலிங்டன், புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம், கோயம்புத்தூர், வேலூர். இவை தவிர அரசு உதவிபெறும் கல்லூரிகளும் இருக்கின்றன. இந்த இரண்டு வகையிலும் அரசு இடங்களுக்கு ஒரே இணையவழி விண்ணப்பம்தான், தரவரிசைப்படி கலந்தாய்வு நடக்கும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 250 ரூபாய் என்று இருந்தது.

தேதி நிலையாக இருப்பதில்லை. 2024இல் செப்டம்பரில் விண்ணப்பம் வாங்கினார்கள், 2025இல் ஜூன் மாதமே தொடங்கிவிட்டார்கள். மே மாதத்திலிருந்து செய்தித்தாளையும் உயர்கல்வித் துறை அறிவிப்பையும் பாருங்கள். அவகாசம் குறைவாகத்தான் இருக்கும். தரவரிசையில் பழைய மதிப்பெண் குறைவு என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். சில பாடங்களில் போட்டி குறைவு, சில பிரிவுகளில் இடம் மிஞ்சும்.

அரசு இடம் கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரி. பணம் கட்டும் முன் இரண்டு பட்டியல்களில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியல், மற்றொன்று தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைவுப் பட்டியல். அந்த ஆண்டுக்கான பட்டியல்தானா என்பதையும் கவனியுங்கள். விளம்பரப் பலகையில் 'அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருப்பதை நம்பிவிட வேண்டாம்.

இப்போது மிக முக்கியமான எச்சரிக்கை. நம் வயதில் விசாரிக்கப் போனால், "நீங்க வரவே வேண்டாம் மேடம், ரெண்டு வருஷமும் பரீட்சைக்கு மட்டும் வந்தா போதும்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். என்னிடமும் ஓர் இடத்தில் சொன்னார்கள், கட்டணமும் அதற்கேற்பக் கூடுதல். வெளிமாநிலக் கல்லூரி என்று சொல்லி இடைத்தரகர் மூலம் வருவதும் உண்டு. விதிப்படி வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை கட்டாயம். வருகையைப் பொய்யாகப் போட்டு வாங்கிய சான்றிதழ் நாளைக்கு உண்மைத்தன்மை சரிபார்ப்பில் சிக்கினால் வேலையே போய்விடும். அதைவிட, பயிற்சி இல்லாமல் நாற்பது பிள்ளைகள் முன்னால் போய் நிற்பது உங்களுக்கும் நல்லதில்லை, பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் சேராதீர்கள்.

தொலைநிலை பி.எட். பற்றியும் பலர் கேட்கிறார்கள். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நடத்துகின்றன. ஆனால் அது எல்லோருக்கும் கிடையாது. ஏற்கெனவே தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கானது. புதிதாக வருபவர்கள் நேரடி வகுப்பில்தான் படிக்க வேண்டும்.

முதுநிலைப் பட்டதாரிகளுக்கு ஓராண்டு பி.எட். வரப்போகிறது என்ற பேச்சும் உண்டு. 2025 பிப்ரவரியில் வரைவு விதிகள் வெளியானது உண்மை. வரைவு இறுதியாகி, அதன்படி ஒரு கல்லூரிக்கு அங்கீகாரமும் கிடைத்து, சேர்க்கை அறிவிப்பு வந்தால் சேருங்கள். அது வரும் என்று நம்பி ஒரு கல்வியாண்டை விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

6. செலவைக் கணக்கிடுங்கள்

அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிக் கல்லூரியில் பல ஆயிரங்கள். அங்கே கட்டணத்தை அரசின் கட்டணக் குழு நிர்ணயிக்கிறது. அதற்குமேல் 'இதர கட்டணம்' என்று கேட்டால் எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள், கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். இரண்டு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு, தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா, சீருடை, கல்விச் சுற்றுலா தனியா என்று சேரும் நாளிலேயே கேட்டுவிட வேண்டும்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு. இடையில் டெட்டுக்கோ வேறு வேலைக்கோ அசல் தேவைப்படும். ஆகவே பணிவாக, ஆனால் விடாமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றைச் சேர்க்கைக்கு முன்பே எடுத்து வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு ரெக்கார்டு நோட்டு, சார்ட், மாதிரிகள், பிரிண்ட், பேருந்துக் கட்டணம். இரண்டாம் ஆண்டில் இது கூடும். அதைவிடப் பெரியது, இரண்டு வருடம் சம்பளம் வராது என்பது. முழுநேர வேலையை வைத்துக்கொண்டு படிக்க முடியாது. மாலையில் ட்யூஷன் எடுக்கலாம், அது கற்பித்தல் பழக்கத்துக்கும் உதவும். அரசு ஊழியராக இருந்தால் துறை அனுமதி வாங்காமல் சேரவே கூடாது.

7. இரண்டு வருடம் எப்படிப் போகும்

ஆண்டுக்கு 200 வேலை நாள். காலை ஒன்பது, ஒன்பதரைக்குப் போனால் மாலை நான்கு வரை. வீட்டில் சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால், சேரும் முன்பே குடும்பத்தில் உட்கார்ந்து பேசி, காலை வேலையை யார் பார்ப்பது, பிள்ளையை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று முடிவெடுங்கள். "பார்த்துக்கலாம்" என்று விட்டால் முதல் மாதத்திலேயே வருகை குறையத் தொடங்கும்.

பாடங்களில் உளவியல், கல்வியியல் தத்துவம், உங்கள் பாடத்தைக் கற்பிக்கும் முறை ஆகியவை இருக்கும். ஆனால் உண்மையான உழைப்பு ரெக்கார்டில்தான். நுண்ணிலைக் கற்பித்தல், உற்றுநோக்கல், பாடத்திட்டம், உளவியல் செய்முறை, தனியாள் ஆய்வு, செயலாராய்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோட்டு. பாடத்திட்ட நோட்டில் ஒரு பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள்: பாடக்கருத்து, ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு. 45 நிமிட வகுப்பு ஒன்றுக்கு மூன்று நான்கு பக்கம் வரும். நடத்துவதற்கு முந்தின நாளே வழிகாட்டி ஆசிரியரின் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். வாரக் கடைசியில் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கடைசியில் வெளித்தேர்வாளர் வரும்போது தேதியும் கையெழுத்தும் முன்பின்னாக இருந்தால் மதிப்பெண் போகும்.

கரும்பலகையில் எழுதிப் பழகுங்கள். வருடக்கணக்கில் கீபோர்டில் தட்டிய கைக்குச் சாக்பீஸ் பிடிபட நாளாகும். வரி மேலேறிப் போகும், பாதியில் எழுத்துச் சிறுத்துவிடும். காலியான வகுப்பறையில் ஒரு கால் மணி நேரம் எழுதிப் பார்த்துவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படியுங்கள்.

பள்ளிப் பயிற்சி மொத்தம் 20 வாரம். முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் பதினாறு. பள்ளியை ஒதுக்கும் முன் கல்லூரியில் விருப்பம் கேட்பார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியைக் கேளுங்கள். பயண நேரம் மிச்சமாவதோடு, பெரிய வகுப்பை நடத்திப் பழகவும் முடியும். அங்கே உங்களைவிட இளைய ஆசிரியர் உங்களுக்கு வழிகாட்டியாக இருப்பார். வயதை ஒதுக்கி வைத்துவிட்டு அவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். என் வழிகாட்டி என்னைவிட மிகவும் இளையவர். கடைசி வரிசைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைக்க அவரிடம்தான் கற்றேன். உடன் படிப்பவர்களில் பாதிப் பேர் உங்களை 'அக்கா' என்று கூப்பிடுவார்கள். அவர்கள் கணினி வேலையில் கைகொடுப்பார்கள், நீங்கள் வகுப்பைச் சமாளிப்பதில் கைகொடுக்கலாம்.

8. டெட்டுக்கு முன்கூட்டியே தயாராகுங்கள்

டெட் இரண்டாம் தாள் 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30, உங்கள் பிரிவைப் பொறுத்துக் கணிதம் அறிவியல் அல்லது சமூக அறிவியல் 60. தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. பொதுப்பிரிவுக்கு 60 சதவீதம், அதாவது 90 எடுக்க வேண்டும். மற்றப் பிரிவுகளுக்குத் தளர்வு உண்டு, அது எவ்வளவு என்று அந்தந்த அறிவிப்பில் பாருங்கள்.

இந்தத் தேர்வு எல்லா வருடமும் நடப்பதில்லை. 2013க்குப் பிறகு 2017இல்தான் நடந்தது. 2022 அறிவிப்புக்குப் பிறகு அடுத்தது 2025இல். ஒன்றைத் தவறவிட்டால் மூன்று வருடம் காத்திருக்க நேரலாம், நம் வயதில் அது பெரிய இழப்பு. அறிவிப்பு வந்தால் இறுதியாண்டு மாணவர்களை அனுமதிக்கிறார்களா என்று பார்த்து உடனே விண்ணப்பியுங்கள். சி.பி.எஸ்.இ. நடத்தும் மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சி-டெட்டையும் இறுதியாண்டில் எழுதலாம், மத்திய பாடத்திட்டப் பள்ளிகளுக்கு அது உதவும். ஒருமுறை தேறினால் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான பள்ளிப் பாடப்புத்தகங்களை வரி விடாமல் படிப்பதுதான் சிறந்த தயாரிப்பு. பெரிய வழிகாட்டிப் புத்தகங்களைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

டெட் தேறியதும் வேலை வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2018 அரசாணைப்படி, பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். அதில் கட்டாயத் தமிழ்த் தகுதித் தாள் 50 மதிப்பெண்ணுக்கு உண்டு. அதில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

9. முடித்த கையோடு செய்ய வேண்டியவை

முடிவு வந்த வாரமே மாற்றுச் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, தற்காலிகச் சான்று, தமிழ் வழியில் படித்திருந்தால் அதற்கான சான்று எல்லாவற்றையும் கல்லூரியிலிருந்து வாங்கிவிடுங்கள். பட்டமளிப்புக்கு அப்போதே பணம் கட்டுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பழைய பதிவு இருந்தால் பி.எட். தகுதியைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலருடைய பழைய பதிவு காலாவதி ஆகியிருக்கும், இணையத்தில் பாருங்கள்.

தேர்வு அறிவிப்புக்குக் காத்திருக்கும் காலத்தில் வீட்டில் சும்மா இருக்க வேண்டாம். காலிப் பணியிடம் உள்ள அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர்களை எடுக்கிறார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 15,000, முதுநிலைக்கு 18,000 ரூபாய். கல்வியாண்டு தொடங்கும் ஜூன், ஜூலையில் உங்கள் பகுதிப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையையும் மாவட்டக் கல்வி அலுவலகத்தையும் போய்ப் பாருங்கள். தலைமை ஆசிரியரிடம் நேரில் ஒரு விண்ணப்பம், சான்றிதழ் நகல் ஒரு செட், தொலைபேசி எண் கொடுத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் ஆளெடுத்துவிடுவார்கள்.